ஓட்டத் தெரிந்தவர்க்கும் ஓர் ஆசிரியர் வேண்டும்

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தை ஒட்டி, அலங்காநல்லூர் வட்டாரக் கார், வேன் ஓட்டுநர்களுக்காக நடைபெற்ற சிறப்பு நிகழ்ச்சியில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

ஓட்டுநர்களுக்கு அறிவுரை கூறுமாறு என்னை அழைத்திருக்கிறார்கள். அறிவுரை கூறும் தகுதி எனக்கு உண்டா என்று எண்ணிப் பார்த்தேன். நான் பல்லாண்டுகள் வேன் ஓட்டியவன். செய்த பிழையைப் பிழையென்று உணராமலே நெடுநாள் ஓட்டியவன். அந்த ஒரு தகுதியோடுதான் உங்கள்முன் நிற்கிறேன்.

ஒரு நிகழ்ச்சியைச் சொல்லித் தொடங்குகிறேன். மதுரையிலிருந்து நம் ஊருக்கு வந்துகொண்டிருந்தேன். சிக்கந்தர் சாவடியைத் தாண்டி, குமாரத்தை நெருங்கும் வேளை. முன்னே சென்ற பேருந்து நிறுத்தத்தில் நின்றது. நான் வலப்புறமாக ஏறிக் கடந்தேன். பேருந்தின் முன்பக்கத்திலிருந்து பள்ளிச் சீருடையில் ஒரு சிறுமி சாலையைக் கடக்க ஓடி வந்தாள். பிரேக்கை அழுத்தினேன். வண்டி நின்றபோது அக்குழந்தைக்கும் வண்டிக்கும் இடையே ஒரு முழம்கூட இல்லை. என் கை நடுங்கியது உண்மை. ஆனால் மறுநாளே அதை ஒரு சாதனையாகச் சொல்லித் திரியத் தொடங்கினேன். "என் பிரேக்கும் என் காலும் அப்படி!" என்று எத்தனையோ பேரிடம் பெருமை பேசியிருக்கிறேன்.

பின்னொரு நாள், ஓட்டுநர்களுக்குப் பயிற்சியளிப்பதையே தொழிலாகக் கொண்ட பெரியவர் ஒருவர் என் அருகில் அமர்ந்து பயணம் செய்தார். அவரிடமும் இக்கதையைச் சொன்னேன். அவர் பாராட்டவில்லை. "தம்பி, அன்று உங்கள் கால் நன்றாக வேலை செய்திருக்கிறது, கண் வேலை செய்யவில்லை. நிற்கும் பேருந்துக்கு முன்னால் ஆள் வருவார் என்பது வியப்பான செய்தியா?" என்று கேட்டார். எனக்கு மறுமொழி இல்லை. அதுவரை திறமை என்று நான் எண்ணியிருந்தது, பிழையின் கடைசி நொடியில் கிடைத்த தப்பிப்பு மட்டுமே என்று அன்றுதான் உணர்ந்தேன். இன்று நான் சொல்ல வந்ததும் அதுவே. வண்டியை அடக்கும் திறமை வேறு. அடக்க வேண்டிய நிலையே வராமல் ஓட்டும் அறிவு வேறு. இரண்டாவதைக் கற்பிப்பதே மேம்பட்ட ஓட்டுநர் பயிற்சி.

உரிமம் என்பது வாசற்படி

நம்மில் பலர் உரிமம் பெற்ற நாளோடு கல்வி முடிந்துவிட்டதாகக் கருதுகிறோம். உரிமத் தேர்வு சில நிமிடங்களில் முடிவது. வண்டியை எடுக்கவும் திருப்பவும் பின்னோக்கிச் செலுத்தவும் தெரியுமா என்று பார்ப்பது. நெல் காயவைத்த சாலையில், எதிரே கரும்பு டிராக்டர் வரும் அந்தி வேளையில், பின்னே பன்னிரண்டு பேரை ஏற்றிக்கொண்டு செல்வது எப்படி என்று அத்தேர்வு கேட்பதில்லை.

சட்டமும் இப்போது நம்மிடம் பெரும்பொறுப்பை விட்டிருக்கிறது. இலகுரக மோட்டார் வாகன உரிமம் பெற்றவர், மொத்த எடை 7,500 கிலோவுக்கு மேற்படாத வாடகை வாகனத்தையும் தனி அனுமதி இன்றி ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017 ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. 2024 நவம்பர் 6 அன்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு அதனை உறுதி செய்தது. பல ஏழை ஓட்டுநர்களின் பிழைப்பைக் காத்த தீர்ப்பு இது, வரவேற்கிறேன். ஆனால் இதன் மறுபக்கத்தையும் எண்ணுங்கள். நேற்றுவரை மாருதி கார் ஓட்டியவர் இன்று குட்டியானையையோ பயணிகள் வேனையோ எடுக்கலாம். இடையில் அவருக்கு எந்தப் பாடமும் இல்லை. சட்டம் கேட்காத பாடத்தை நாமே தேடிக் கற்க வேண்டியிருக்கிறது.

லாரி, பேருந்து ஓட்டுநர்களுக்குத் தமிழகத்தில் நல்ல ஏற்பாடுகள் உண்டு. சாலைப் போக்குவரத்து நிறுவனம் கும்மிடிப்பூண்டியில் கனரக வாகனப் பயிற்சி அளித்து வருகிறது. நாமக்கல்லில் அசோக் லேலண்டு நிறுவனமும் தமிழக அரசும் இணைந்து 1995 இல் ஒரு பயிற்சி நிலையத்தைத் தொடங்கின. மத்திய அரசு 2021 இல் வகுத்த விதிகளின்படி அங்கீகாரம் பெறும் பயிற்சி மையங்களில், இலகுரக வாகனத்திற்கே 29 மணி நேரப் பயிற்சி. அதில் 21 மணி நேரம் செய்முறை. ஏற்கெனவே உரிமம் உள்ளோருக்குப் புத்தாக்கப் பயிற்சிக்கும் அவ்விதிகள் இடம் தருகின்றன. இருந்தும், பத்து இருபது ஆண்டு ஓட்டிய கார், வேன் ஓட்டுநர் தாமாகச் சென்று "என் ஓட்டத்தைப் பாருங்கள்" என்று கேட்கும் வழக்கம் நம்மிடையே இல்லை.

இங்கிலாந்தில் கிடைத்த பாடம்

இவ்வழக்கம் வேரூன்றிய நாடு இங்கிலாந்து. 1930களில் லண்டன் மாநகரக் காவல்துறையின் வண்டிகளே அடிக்கடி விபத்துக்குள்ளாயின. ஹெண்டன் என்னுமிடத்தில் காவலர்களுக்கென ஓட்டுநர் பள்ளி தொடங்கினார்கள். ஓட்டத் தெரிந்தவர்களையே மீண்டும் மாணவர்களாக்கினார்கள். அங்கு உருவான முறை 1955 இல் 'ரோட்கிராஃப்ட்' என்னும் நூலாகப் பொதுமக்களுக்கும் கிடைத்தது. அடுத்த ஆண்டே, பொதுமக்களுக்கு மேம்பட்ட ஓட்டுத் தேர்வு நடத்த ஒரு சங்கம் உருவாயிற்று.

அம்முறையின் சாரம் ஐந்து சொற்களில் அடங்கும்: தகவல், இடம், வேகம், கியர், முடுக்கம். ஒரு வளைவோ சந்திப்போ வருகிறதென்றால் முதலில் கண்ணாலும் கண்ணாடியாலும் தகவல் திரட்ட வேண்டும். பின் சாலையில் உரிய இடத்தில் வண்டியை நிறுத்திக்கொள்ள வேண்டும். பின் வேகத்தைக் குறைக்க வேண்டும். அதற்கேற்ற கியருக்கு மாற வேண்டும். எல்லாம் முடிந்த பின்னரே முடுக்க வேண்டும். நாமோ வளைவுக்குள் நுழைந்த பிறகு பிரேக்கையும் கியரையும் ஒன்றாகத் தேடுகிறோம்.

மேம்பட்ட பயிற்சி என்றவுடன், வண்டியைச் சறுக்கவிட்டு நிறுத்தும் வித்தை என்று இளைஞர்கள் எண்ணலாம். நார்வே நாட்டில் 1979 முதல், புதிய ஓட்டுநர்களுக்கு வழுக்கும் தரையில் ஓட்டும் பயிற்சியைக் கட்டாயமாக்கினார்கள். பின்னர் ஆராய்ந்தபோது இளைஞர்களிடையே விபத்து குறையவில்லை, கூடியிருந்தது. "எனக்கு வண்டியை அடக்கத் தெரியும்" என்ற நம்பிக்கையே அவர்களை வேகமாக ஓட்டச் செய்தது. ஆகவே பயிற்சி தர வேண்டியது துணிச்சலை அன்று, முன்னறியும் பார்வையை.

ஆளுக்கேற்ற பாடம், ஊருக்கேற்ற சாலை

இனி, அப்பயிற்சி எப்படி நடைபெறும் என்பதைச் சொல்கிறேன். ஆசிரியர் உங்கள் வண்டியில், நீங்கள் நாள்தோறும் செல்லும் சாலையில், உங்கள் அருகே அமர்வார். முதல் இருபது நிமிடம் வாய் திறக்க மாட்டார். நீங்கள் எங்கே பார்க்கிறீர்கள், கண்ணாடியை எத்தனை முறை நோக்குகிறீர்கள், முன்வண்டிக்கு எவ்வளவு அருகே செல்கிறீர்கள் என்று கவனிப்பார். பிறகு வண்டியை ஓரங்கட்டச் சொல்வார். பத்துப் பிழை கண்டாலும் இரண்டை மட்டுமே எடுத்துரைப்பார். அதே சாலையில் மீண்டும் ஓட்டச் செய்வார். சில மாதம் கழித்து வந்து, அவ்விரண்டும் நீங்கினவா என்று பார்ப்பார்.

இதில் மிகப் பயனுள்ள பகுதி, வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓட்டுவது. "முன்னே பேருந்து நிற்கிறது, அடியில் கால்கள் தெரிகின்றனவா என்று பார்க்கிறேன், வேகத்தைக் குறைக்கிறேன். இடப்புறம் வரப்பிலிருந்து இருசக்கர வாகனம் ஏறுகிறது. அவர் என்னைப் பார்க்கவில்லை. அங்கே ஓர் ஆடு. பின்னே இன்னும் வரும்." இப்படிச் சொல்லத் தொடங்கினால், நாம் பாராமல் கடந்தவை எத்தனை என்று நமக்கே புலப்படும். முதல் நாளில் எனக்கு நாவே எழவில்லை. பார்த்தால்தானே சொல்வதற்கு!

பாடம் ஆளுக்கு ஆள் வேறுபடும். பள்ளிப் பிள்ளைகளை ஏற்றும் சகோதரருக்கு வண்டியைச் சுற்றி வந்து பார்ப்பதே முதற்பாடம். இறங்கிய குழந்தை வேனின் முன்னோ பின்னோ குனிந்திருந்தால் இருக்கையிலிருந்து தெரியாது. 2012 ஜூலையில் தாம்பரம் பகுதியில் ஓடும் பள்ளிப் பேருந்தின் தளத்திலிருந்த ஓட்டை வழியே ஒரு சிறுமி விழுந்து இறந்ததை நாம் மறக்கலாகாது. அதன் பிறகே பள்ளி வாகனங்களுக்கான சிறப்பு விதிகள் தமிழகத்தில் வந்தன.

சுற்றுலா வேன் ஓட்டுவோருக்கு மலைப்பாதையே பாடம். சிறுமலையின் 18 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது பிரேக்கையே நம்பினால் அது சூடேறித் தளர்ந்துவிடும். ஏறிய கியரிலேயே இறங்குக என்பது பழைய ஓட்டுநர்களின் வாக்கு. மேலே மூட்டை ஏற்றிய வேன் காரைப்போல் வளையாது, எளிதில் கவிழும். சரக்கு வண்டிக்காரருக்குச் சுமையும் டயர்க் காற்றும் பாடம். குடும்பக் கார் ஓட்டுவோருக்கு, தனிச்சியம் பிரிவில் நான்குவழிச் சாலையில் சேர்வதும் விலகுவதும் பாடம். தை மாதத்தில் பாலமேட்டிலும் நம் ஊரிலும் ஜல்லிக்கட்டுக்குக் கூடும் கூட்டத்தினூடே ஓட்டுவது நம் எல்லோருக்கும் பாடம்.

ஒரு சிறு கணக்கையும் மனத்தில் வையுங்கள். 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு நொடிக்கு ஏறத்தாழ 17 மீட்டர் ஓடும். மூன்று நொடி கைபேசியைப் பார்த்தால் 50 மீட்டர் கண்ணை மூடிச் சென்றதாகும். வேகம் இருமடங்கானால், பிரேக் பிடித்தபின் வண்டி ஓடும் தூரம் நான்கு மடங்காகும். ஆகவே முன்வண்டி ஒரு மரத்தைக் கடந்தபின் குறைந்தது இரண்டு நொடி கழித்தே நாம் அம்மரத்தைக் கடக்க வேண்டும். மழையில் நான்கு நொடி.

நம் பங்கு

2022 ஆம் ஆண்டில் தமிழகத்தில் 64,105 சாலை விபத்துகள் நேர்ந்தன. எண்ணிக்கையில் இந்தியாவிலேயே அதுவே முதலிடம். இறந்தோர் 17,884 பேர். நாளொன்றுக்கு 49 உயிர். அவ்வாண்டில் நாடெங்கும் இருக்கைப் பட்டை அணியாமல் இறந்தோர் மட்டும் 16,715 பேர். அவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் ஓட்டுநரல்லர், உடன் சென்ற பயணிகள்.

எனவே இப்பேச்சு ஓட்டுநருக்கு மட்டும் உரியதன்று. பெரியோர்களே, தாய்மார்களே, ஒன்று கேட்கிறேன். கலியாணத்திற்கு வேன் பிடிக்கிறோம். விடியுமுன் புறப்படச் சொல்கிறோம். அங்கே அனைவரும் உண்டபின் கடைசிப் பந்தியில் ஓட்டுநரை அழைக்கிறோம். படுக்க ஓரிடம் காட்டுவதில்லை. இரவே திரும்ப வேண்டும் என்கிறோம். வழியில் "கொஞ்சம் சீக்கிரம் போப்பா" என்கிறோம். 1961 ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு 8 மணி நேர வேலையும், ஐந்து மணி நேரத்திற்குள் அரைமணி ஓய்வும் என்று வரையறுத்தது. ஒற்றை வேன் வைத்துப் பிழைப்பவரை அச்சட்டம் எட்டவில்லை. அவருக்கு நாமே அந்தச் சட்டமாக இருக்க வேண்டும். ஓட்டுநருக்கு முதற்பந்தியில் உணவும் இரண்டு மணி நேரத் தூக்கமும் கொடுங்கள். நள்ளிரவு கடந்து விடியும்வரை உள்ள வேளையில் பயணத்தைத் தவிருங்கள். எத்தனை ஆண்டு அனுபவமும் தூக்கத்தை வெல்லாது.

ஜமாஅத் நிர்வாகத்தாரிடம் ஒரு வேண்டுகோள். ஆண்டுதோறும் கல்வி உதவி வழங்குகிறோம், மருத்துவ முகாம் நடத்துகிறோம். அவற்றோடு, உரிமம் பெற்ற ஓட்டுநர் பள்ளியின் ஆசிரியர் ஒருவரை அழைத்து, நம் பகுதியின் எல்லாச் சமூகத்து வேன் ஓட்டுநர்களுக்கும் ஆளுக்கு அரைநாள் பயிற்சி அளிக்க ஏற்பாடு செய்யுங்கள். பிள்ளைகளை ஏற்றுவோரிடமிருந்து தொடங்குங்கள். அரசுப் பேருந்தில் விபத்தின்றிப் பணிமுடித்து ஓய்வுபெற்ற பெரியவர்களின் துணையையும் நாடுங்கள். ஓட்டுநர் அன்று இழக்கும் வாடகையை ஈடுசெய்தால் எவரும் வரத் தயங்கார்.

ஓட்டுநர் சகோதரர்களே! பயணியர் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அமானிதத்தைக் காக்கக் கற்பதில் வெட்கமில்லை. "இத்தனை ஆண்டு ஓட்டியவனுக்குப் பாடமா?" என்று உள்ளம் கேட்கும். எனக்கும் கேட்டது. அப்போதெல்லாம் குமாரம் நிறுத்தத்தில் ஓடிவந்த அந்தச் சிறுமியை நினைத்துக்கொள்வேன். அவள் இன்று வளர்ந்து எங்கோ நலமாக இருப்பாள். அவள் உயிர் பிழைத்தது என் திறமையால் அன்று. இனி வரும் குழந்தைக்கு அப்படி ஒரு நற்பேறு தேவைப்படாதபடி ஓட்டக் கற்போம்.