மணிக்கு என்ன கொடுத்தீர்கள்?

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



பேச வேண்டும் என்று நானேதான் செயலாளரிடம் கேட்டேன். "தண்ணீர் மோட்டார், பராமரிப்புக் கட்டணம் எல்லாம் பேசி முடித்ததும் பத்து நிமிடம் தருகிறேன் சார்" என்றார். பத்து நிமிடம் போதும். நாய் வளர்க்கலாமா கூடாதா, லிஃப்டில் ஏற்றலாமா கூடாதா என்ற வழக்குக்குள் நான் போகப்போவதில்லை. வளர்க்கிறவர்கள் நாய்க்கு என்ன கொடுக்கிறோம், கொடுப்பதை என்ன பெயர் சொல்லி அழைக்கிறோம், இவ்வளவுதான் என் பேச்சு. பெயரில் என்ன இருக்கிறது என்று நினைப்பீர்கள். ஒரு பெயரால்தான் எங்கள் மணியை இழந்தோம்.

மணியை உங்களில் பலருக்குத் தெரியும். நாட்டு நாய், பழுப்பு நிறம், ஆறு வயது, பன்னிரண்டு கிலோ. காலையில் என்னோடு கோமுகி அணைப் பக்கம் நடக்க வருவான். போன மார்கழியில் அரையாண்டு விடுமுறைக்குப் பேத்தி வந்திருந்தாள். என் மனைவி தினமும் விடியற்காலையில் கோயிலுக்குப் போய்த் தொன்னையில் சர்க்கரைப் பொங்கல் வாங்கி வருவார். பேத்திக்குப் பொங்கல் பிடிக்கும், அதிலுள்ள உலர் திராட்சை பிடிக்காது. பொறுக்கி எடுத்து மணிக்குப் போடுவாள். அவனும் வாலை ஆட்டிக்கொண்டு தின்பான். பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

ஒரு நாள் இரவு மணி வாந்தி எடுத்தான். மறுநாள் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனோம். அவர் கேட்ட முதல் கேள்வி, "என்ன கொடுத்தீங்க?" நான் சட்டென்று பதில் சொன்னேன்: "காலையில கொஞ்சம் பெடிக்ரீ, ராத்திரி தயிர்சாதம். வேற ஒண்ணும் இல்ல சார்." வாந்தி நிற்க ஊசி போட்டு அனுப்பினார். அடுத்த நாள் மணி தண்ணீர்கூடக் குடிக்கவில்லை, சிறுநீரும் போகவில்லை. திரும்பவும் போனோம். ரத்தப் பரிசோதனையில் சிறுநீரகம் பழுதானது தெரிந்தது. இந்த முறை மருத்துவர் ஒவ்வொன்றாகக் கேட்டார். "பிஸ்கட் குடுத்தீங்களா? பழம்? சாக்லேட்? கோயில் பிரசாதம்?" பிரசாதம் என்றதும் நானும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

மூன்று நாள் டிரிப்ஸ் ஏற்றினார்கள். நான்காம் நாள் மணி போய்விட்டான்.

"திராட்சையாலதான்னு நூத்துக்கு நூறு சொல்ல முடியாது. ஆனா அன்னைக்கே சொல்லியிருந்தா அன்னைக்கே டிரிப்ஸ் போட்டிருப்பேன்" என்றார் மருத்துவர். அவர் குற்றம் சொல்லவில்லை. ஆனால் முப்பத்து நான்கு வருடம் வங்கியில் கணக்கு எழுதியவன் நான். மாலையில் பணம் ஒரு ரூபாய் குறைந்தாலும் அது கிடைக்கும் வரை வீட்டுக்குப் போகாதவன். அப்படிப்பட்டவன் ஒரு பதிவையே விட்டுவிட்டு, "வேற ஒண்ணும் இல்ல சார்" என்று சொல்லியிருக்கிறேன். நான் பொய் சொல்லவில்லை. பிரசாதம் சாப்பாட்டுக் கணக்கில் வரும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அதன் பிறகு நம் குடியிருப்பில் நாய் வளர்க்கும் சிலரிடம் பேச்சுவாக்கில் கேட்டுப் பார்த்தேன். எல்லாரும் என்னைப் போலவே இரண்டு பெயர்தான் சொன்னார்கள். கொஞ்சம் துருவினால் இன்னும் நான்கு பெயர் வந்தது. அந்தப் பெயர்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் பெயர் பெடிக்ரீ. நகல் எடுப்பதற்கு ஜெராக்ஸ் என்கிறோமே, அதுபோல எந்தக் கம்பெனி நாய்த்தீனியும் நமக்குப் பெடிக்ரீதான். அந்த ஆங்கிலச் சொல்லுக்கு வம்சாவளி என்று பொருள். பையில் அடைத்து விற்கும் இந்த வியாபாரம் புதிதல்ல. 1860 வாக்கில் லண்டனில் ஜேம்ஸ் ஸ்ப்ராட் என்ற அமெரிக்கர், துறைமுகத்தில் கப்பல் பிஸ்கட்டை நாய்கள் தின்பதைப் பார்த்து, கோதுமை, காய்கறி, பீட்ரூட், இறைச்சி சேர்த்து நாய் கேக் செய்து விற்றார் என்பார்கள். இன்று கடையில் வாங்கும் பையைத் திருப்பிப் பாருங்கள். பெரும்பாலான சாதாரண ரகங்களில் முதலில் இருப்பது தானியம். நம் பக்கத்து வயல்களில் விளைகிற மக்காச்சோளம் மாதிரிதான். மாட்டுத் தீவனமாகப் போனால் ஜி.எஸ்.டி. இல்லை. நாய் உணவு என்று சில்லறைப் பையில் வந்தால் 18 சதவீதம். பெயர் மாறினால் வரியும் மாறுகிறது பாருங்கள்.

பையின் முன்பக்கப் பெயரிலும் கவனம் வேண்டும். அமெரிக்காவில் தீவனக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் சங்கம் இதற்கு ஒரு கணக்கே வைத்திருக்கிறது. வெறும் 'சிக்கன் நாய் உணவு' என்று பெயர் வைத்தால், சேர்க்கும் தண்ணீர் நீங்கலாக 95 சதவீதம் கோழி இருக்க வேண்டும். 'சிக்கன் டின்னர்' என்றால் 25 சதவீதம் போதும். 'வித் சிக்கன்' என்றால் 3 சதவீதம். 'சிக்கன் ஃப்ளேவர்' என்றால் நாய்க்குத் தெரிகிற அளவு வாசனை இருந்தால் சரி. ஒரே ஒரு சொல்லில் 95 எங்கே, 3 எங்கே! நம் ஊர்க் கடைப் பைக்கு அந்த விதி பொருந்தாது. ஆனாலும் முன்பக்கப் படத்தை நம்பாமல் பின்பக்கப் பட்டியலைப் படிக்கும் பழக்கம் எந்த ஊரிலும் நல்லதுதான்.

இரண்டாவது பெயர் சாதம். வடக்கனந்தலில் நான் சிறுவனாக இருந்தபோது நாய்க்கென்று தனி உணவு கிடையாது. "நாய்க்குக் கூழ் ஊத்தியாச்சா?" என்று அம்மா கேட்பார். கேழ்வரகுக் கூழ், நீராகாரம், எது மிஞ்சியதோ அது. அரிசி நாய்க்கு ஆகாது என்று இப்போது சிலர் பயமுறுத்துகிறார்கள். பயப்பட வேண்டாம். மாவுச்சத்தைச் செரிக்கும் மரபணு ஓநாயைவிட நாய்க்குக் கூடுதலாக இருக்கிறது என்று 2013இல் சுவீடன் ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். மனிதனோடு சேர்ந்து தின்று தின்று வந்த மாற்றம் அது. ஆனால் வெறும் தயிர்சாதம் மட்டும் போதாது, புரதம் வேண்டும். உப்பு, காரம், வெங்காயம் இல்லாமல் வேகவைத்த முட்டையோ கோழியோ சேர்க்க வேண்டும்.

மூன்றாவது பிஸ்கட். இதை யாரும் சாப்பாடு என்று சொல்வதில்லை. "சும்மா ஒரு பிஸ்கட்" என்றுதான் சொல்கிறோம். வங்கியில் இதற்குச் சில்லறைச் செலவு என்று பெயர். தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றுமில்லை, மாதக் கடைசியில் கூட்டினால் தலை சுற்றும். பத்துக் கிலோ நாய்க்கு ஒரு நாளைக்குச் சுமார் 600 கலோரி போதும். தின்பண்டம் அதில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்பது மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. அதாவது 60 கலோரி. குளுக்கோஸ் பிஸ்கட் 100 கிராமில் சுமார் 450 கலோரி. கணக்குப் போட்டால் சிறிய பிஸ்கட் மூன்று. வீட்டில் நான் மூன்று, மனைவி மூன்று, வாட்ச்மேன் ஒரு பாக்கெட், எதிர் வீட்டு அக்கா ஆசையாக இரண்டு. ஒவ்வொருவர் கணக்கும் சரி, கூட்டல்தான் தப்பு.

நான்காவது 'ஒரு வாய்'. நாம் சாப்பிடும்போது அவன் பார்க்கிறான், மனசு கேட்கவில்லை, ஒரு வாய் கொடுக்கிறோம். அந்த ஒரு வாயில் வெங்காயமும் பூண்டும் இருக்கும். இரண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கக் கூடியவை. சாக்லேட்டில் உள்ள தியோபுரோமின் நாயின் இதயத்தையும் நரம்பையும் தாக்கும். சர்க்கரை இல்லாத சூயிங்கத்தில் சைலிட்டால் என்று ஓர் இனிப்பு சேர்ப்பார்கள். அது நாயின் ரத்தச் சர்க்கரையைத் திடீரென்று இறக்கிவிடும், கல்லீரலையும் கெடுக்கும். நம்மைப் போன்ற சர்க்கரை நோயாளிகள் வீட்டில் இதைக் கட்டாயம் எட்டாத இடத்தில் வையுங்கள்.

ஐந்தாவது மிச்சம். விசேஷம் முடிந்து பிரியாணி மிஞ்சினால் கேட் பக்கத்து நாய்களுக்குக் கொட்டுகிறோம். வேகவைத்த எலும்பு சில்லு சில்லாக உடைந்து தொண்டையிலும் குடலிலும் குத்தும். தெரு நாய்க்குச் சட்டம் 'சமுதாய விலங்கு' என்று மரியாதையான பெயர் வைத்திருக்கிறது. 2023ஆம் ஆண்டு விலங்குகள் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகளின்படி, அவற்றுக்கு உணவு வைக்க இடம் ஏற்பாடு செய்வது நம்மைப் போன்ற சங்கத்தின் பொறுப்பு. குழந்தைகள் விளையாடும் இடம், வாசல், மாடிப்படி இவற்றுக்குத் தள்ளி அது இருக்க வேண்டும். 2025 ஆகஸ்ட் 22இல் உச்ச நீதிமன்றமும் கண்ட தெருவில் உணவு வைக்கக் கூடாது, ஒதுக்கிய இடத்தில்தான் வைக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. வைக்கிற இடத்துக்கு விதி வந்துவிட்டது. வைக்கிற பொருளுக்கும் நாமே ஒரு விதி வைத்துக்கொள்ளலாம்.

ஆறாவது பிரசாதம். திராட்சை, உலர் திராட்சை இரண்டும் சில நாய்களின் சிறுநீரகத்தை இரண்டு மூன்று நாளில் முடக்கிவிடும். எவ்வளவு தின்றால் ஆபத்து என்று அளவு சொல்ல முடியாது. ஒரு நாய் கைநிறையத் தின்றுவிட்டு நன்றாக இருக்கும், இன்னொன்று கொஞ்சம் தின்று விழுந்துவிடும். அதிலுள்ள டார்டாரிக் அமிலம்தான் காரணமாக இருக்க வேண்டும் என்று 2022இல் அமெரிக்க விலங்கு நச்சியல் மருத்துவர்கள் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். அதே கட்டுரையில் புளி தின்ற நாய்களின் சிறுநீரகம் பாதிக்கப்பட்டதும் இருக்கிறது. புளியிலும் அந்த அமிலம் நிறைய உண்டு. புளியோதரை, குழம்புச் சாதம் கொடுப்பவர்கள் இதைக் கொஞ்சம் மனதில் வையுங்கள்.

உடனே ஒருவர் கேட்பார்: "எங்க தாத்தா காலத்துல நாய் குழம்புச்சோறு தின்னுட்டு நல்லாத்தானே இருந்துச்சு?" நானும் அப்படித்தான் கேட்டிருப்பேன். நன்றாக இருந்த நாய்தான் நம் நினைவில் இருக்கிறது. இரண்டு நாள் சுருண்டு படுத்துக் கொல்லைப் பக்கம் செத்துப்போன நாய்க்கு யாரும் காரணம் கேட்கவில்லை. "வயசாயிடுச்சு", "எவனோ மருந்து வெச்சுட்டான்" என்று சொல்லிப் புதைத்துவிட்டோம். வரவை மட்டும் எழுதி, பற்றை எழுதாத கணக்கு அது.

சங்கத்தின் முன் மூன்று வேண்டுகோள் வைக்கிறேன். ஒன்று, நாய் வளர்க்கிறவர்கள் ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டுங்கள். யார் எதைக் கொடுத்தாலும், எந்தப் பெயரில் கொடுத்தாலும், நேரம் போட்டு எழுதுங்கள். உடம்பு சரியில்லை என்றால் அந்தத் தாளோடு மருத்துவரிடம் போங்கள். இரண்டு, அடுத்த வீட்டு நாய்க்கு அன்பாகக் கொடுப்பதற்கு முன் ஒரு வார்த்தை கேளுங்கள். குழந்தைகளுக்கும் சொல்லிக்கொடுங்கள். மூன்று, கொடுக்கக் கூடாதவற்றின் பட்டியலை, அதாவது திராட்சை, புளி, வெங்காயம், பூண்டு, சாக்லேட், சர்க்கரை இல்லாத சூயிங்கம், வேகவைத்த எலும்பு இவற்றை, லிஃப்ட் பக்கத்துப் பலகையில் தமிழில் எழுதி வைக்கலாம். அட்டை வாங்கி எழுதித் தர நான் தயார். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று மேலாளரே சொல்லியிருக்கிறார்.

பேத்தியிடம் இன்றுவரை திராட்சை விஷயத்தைச் சொல்லவில்லை. மணிக்கு உடம்பு சரியில்லாமல் போச்சு என்று மட்டும் தெரியும். ஒன்பது வயதுக் குழந்தை ஆசையாகக் கொடுத்தாள், அதில் தப்பே இல்லை. "என்ன கொடுத்தீங்க?" என்று மருத்துவர் கேட்டது என்னைத்தான். பதில் சொன்னவனும் நான்தான். கோடை விடுமுறைக்கு வரும்போது நானே அவளிடம் சொல்லப்போகிறேன். எப்படிச் சொல்வது என்றுதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

நாளை உங்களிடம் அந்தக் கேள்வியை யாராவது கேட்டால், "வேற ஒண்ணும் இல்ல" என்று சொல்வதற்கு முன் ஒரு நிமிடம் யோசியுங்கள்.