குளிரின் விலை



திருகோணமலைத் துறைமுகத்தின் உட்குடாக்களுள் ஒன்று கொட்பே. விடியற்பொழுதில், பல நாள் ஆழ்கடலில் உழன்ற கலங்கள் அங்குள்ள மீன்பிடித் துறைமுகத்தை வந்தடைகின்றன. அவற்றின் வயிற்றினின்று ஐசிற் புதைத்த சூரை மீன்கள் வெளிப்படுகின்றன. கொழும்பை அடுத்த பேலியகொடைச் சந்தையோ அங்கிருந்து ஏறத்தாழ 260 கிலோமீற்றர் தொலைவில் உள்ளது. அவ்வளவு தூரமும் மீனுக்குக் காவலாக நிற்பது குளிர் ஒன்றே. ஒரு கிலோகிராம் ஐஸ் உருகுகையில் ஏறத்தாழ 80 கிலோகலோரி வெப்பத்தைக் கவர்ந்துகொள்கிறது. அக்காவல் தவறுமாயின் கெடுவது மீன் மட்டுமன்று. மீனவனின் உழைப்பும் அவன் பட்ட கடனும் கூடவே மூழ்கும்.

ஆயினும், இக்குளிருக்கு விலை ஒன்று உண்டு. குளிரூட்டும் இயந்திரம் குளிரைப் படைப்பதில்லை. உள்ளே உள்ள வெப்பத்தை அள்ளி வெளியே கொட்டுகின்றது, அவ்வளவே. அவ்வேலைக்கு மின்சாரம் வேண்டும். இலங்கையின் மின்சாரத்தில் ஒரு பகுதி நுரைச்சோலையின் 900 மெகாவாற்று நிலையத்தில் நிலக்கரியை எரித்துப் பெறப்படுகிறது. குளிரூட்டிய லொறிக்கோ டீசல் வேண்டும். இரண்டும் காபனீரொட்சைட்டை வானிற் சேர்ப்பன.

இது கண்ணுக்குத் தெரிந்த செலவு. தெரியாத செலவு மற்றொன்று உண்டு. இயந்திரக் குழாய்களினுள் வெப்பத்தைச் சுமந்து சுழலும் வாயுவே அது. முற்காலத்தில் வழங்கிய குளோரோபுளோரோகாபன்கள் வானின் ஓசோன் படையை அரிக்கும் என்பதை மொலினா, றோலண்ட் என்னும் அறிஞர் இருவர் 1974ஆம் ஆண்டில் எடுத்துரைத்தனர். 1987இல் மொன்றியல் உடன்படிக்கை பிறந்தது. பின்னர் வந்த ஐதரோபுளோரோகாபன்கள் ஓசோனை அரிக்கவில்லை. ஆனால் புவியைச் சூடேற்றுவதில் வல்லனவாயிருந்தன. குளிரறைகளில் வழங்கும் ஆர் 404ஏ என்னும் வாயுவை எடுத்துக்கொள்வோம். அதில் ஒரு கிலோகிராம் கசிந்தால், நூறாண்டுக் கணக்கில் அது ஏறத்தாழ 3,900 கிலோகிராம் காபனீரொட்சைட்டுக்கு ஈடாகும்! ஒரு நோயைத் தீர்க்க வந்த மருந்தே மற்றொரு நோயாயிற்று. எனவே 2016இல் றுவாண்டாவின் கிகாலி நகரிற் கூடிய நாடுகள் இவ்வாயுக்களைப் படிப்படியாகக் குறைக்க உடன்பட்டன. இலங்கையும் 2018இல் அதனை ஏற்றுக்கொண்டது.

அங்ஙனமாயின் குளிரைக் கைவிடுவதோ? அது தீர்வாகாது. உலகில் விளையும் உணவில் ஏறத்தாழ 12 சதவீதம் போதிய குளிர் வசதி இன்மையாற் பாழாகின்றது என 2022இல் ஐக்கிய நாடுகளின் நிறுவனங்கள் இரண்டு கணக்கிட்டன. அழுகிய மீனைப் பிடிக்க எரித்த எண்ணெயும் வீண். அதன் புகையும் வீண். குளிர் இல்லாமையும் புவியைச் சுடுகிறது. கவனமற்ற குளிரும் புவியைச் சுடுகிறது.

வேண்டுவது குளிரைத் துறப்பதன்று, செம்மைப்படுத்துவதே. பெரிய ஐஸ் ஆலைகளுக்கு அமோனியா ஏற்றது. அது புவியைச் சூடேற்றுவதில்லை. ஆயின் நச்சுத்தன்மை உடையதாதலால் பயிற்சி பெற்றோரே கையாளவேண்டும். சிறு பெட்டிகளுக்கு ஐதரோகாபன் வாயுக்கள் உள்ளன. அவை தீப்பற்றக்கூடியன என்பதை மறத்தலாகாது. பழுது பார்ப்பவர் பழைய வாயுவைக் காற்றில் திறந்துவிடாது கலத்திற் சேகரித்தல் வேண்டும். கதவின் இறப்பர் விளிம்பு கிழியாதிருத்தலும், பெட்டியின் சுவர் தடித்திருத்தலும் சிறியனவாகத் தோன்றினும் பெரும்பயன் தருவன.

மின்சாரத்தின் வழியும் மாறி வருகின்றது. துறைமுகத்தின் தெற்கே சம்பூரில் நிலக்கரி நிலையம் அமைக்கும் எண்ணம் 2016இல் கைவிடப்பட்டது. அங்கேயே 120 மெகாவாற்றுச் சூரிய மின் திட்டம் 2025 ஏப்பிரலில் தொடங்கிவைக்கப்பட்டது. வெயிலைக் கொண்டே ஐசை உறையவைக்கும் காலம் எட்டாத கனவன்று.

கடல் சூடேறினால் மீன் இடம்பெயரும். கலம் இன்னும் தொலைவு செல்லும். ஐசும் இன்னும் மிகுதியாக வேண்டப்படும். மீனைக் காக்கும் குளிர் அம்மீன் வாழும் கடலையே சுடாதிருத்தல் வேண்டும். குளிரறைக் கதவை இறுக மூடும் கை, ஒருவகையிற் கடலையும் காக்கும் கையே ஆகும்.