பின்பக்கம் உட்கார்ந்துபோன வண்டி



இரவு நிமிர்ந்து நின்ற உங்கள் பழைய எஸ்.யூ.வி. காலையில் பின்பக்கம் உட்கார்ந்திருக்கிறதா? ஏர் சஸ்பென்ஷன் வண்டியென்றால், கம்ப்ரஸர் போய்விட்டது என்று உடனே முடிவு கட்டாதீர்கள். நான் அப்படித்தான் ஏமாந்தேன். புதுக் கம்ப்ரஸர் மாட்டிய பத்தே நாளில் வண்டி மறுபடியும் உட்கார்ந்தது. கசிந்தது காற்றுப் பை!

இந்த வண்டிகளில் இரும்பு ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றடைத்த ரப்பர் பைதான் பாரம் தாங்குகிறது. நாமக்கல் பக்கம் பஸ் மெக்கானிக்குகளுக்கு இது பழகிய சங்கதி. வருடங்கள் போனால் ரப்பர் மடிப்புகளில் வெடிப்பு விடும். காற்று கசியக் கசிய, அதை ஈடுகட்ட கம்ப்ரஸர் ஓயாமல் ஓடிச் சூடேறிக் கெடும். ஓட்டையை அடைக்காமல் மோட்டாரை மாற்றினால் புதியதும் அதே வழிதான்.

எனவே முதலில் கசிவைத் தேடச் சொல்லுங்கள். பை, குழாய், இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தெளித்தால் கசியும் இடத்தில் குமிழி வரும். ஒரு பக்கம் மட்டும் சரிந்தால் அந்தப் பக்கத்துப் பையையும் குழாயையும் முதலில் பாருங்கள். இரண்டு பக்கமும் இறங்கினால் வால்வு, உயரம் பார்க்கும் சென்சார், கம்ப்ரஸர் என்று வரிசையாகப் பார்க்கலாம். ஒரு பை வயதாகி வெடித்திருந்தால் மற்றதற்கும் அதே வயது. ஜோடியாக மாற்றுவது நல்லது.

கடைசியாக ஒன்று. காற்றை நம்பி வண்டிக்கு அடியில் தலையை நீட்டாதீர்கள், சட்டென்று இறங்கிவிடும். ஜாக்கி மட்டும் போதாது, ஸ்டாண்டும் வேண்டும். வேடிக்கை பார்க்கும் பிள்ளைகளையும் தள்ளி நிறுத்துங்கள்.