பூச்சியின் மேல்விலாசம்



கோயம்புத்தூரிலிருந்து பாலக்காட்டுக்குப் பிரயாணம் செய்தவர்கள் எல்லோருக்கும் வாளையாறு தெரிந்த ஊர்தான். லாரிகள் வரிசையாய் நின்ற சோதனைச் சாவடியைச் சிலர் நினைவில் வைத்திருப்பார்கள். சிமெண்டுத் தொழிற்சாலையைச் சிலர் நினைப்பார்கள். ஆனால் அந்த ஊருக்கு நம்மில் பலர் அறியாத வேறொரு பிரசித்தி உண்டு. தூர தேசத்து அருங்காட்சியகங்களில், கண்ணாடி மூடிய பெட்டிகளுக்குள், மெல்லிய ஊசியில் கோத்து நிறுத்திய பூச்சிகளின் அடியில், விரல் நகத்தைவிடச் சிறிய ஒரு காகிதத் துண்டில், கடுகத்தனை எழுத்துக்களில், தென்னிந்தியா என்றும், வாளையாற்றுக் காடு என்றும், கடல் மட்டத்துக்கு மேல் இத்தனை அடி என்றும் எழுதி, கடைசி வரியில் ‘பி. சூசைநாதன்’ என்ற பெயரும் காணப்படுமே, அதுதான் நான் சொல்ல வந்த பிரசித்தி.

சூசைநாதன் காரைக்காலை அடுத்த குரும்பகரத்தைச் சேர்ந்தவர். சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில் தம் ஊரிலும், கோயம்புத்தூரிலும், வாளையாற்றிலும், ஆனைமலையில் சின்கோனா என்ற இடத்திலும் வலையும் கையுமாய்த் திரிந்து, சேகரித்த பூச்சிகளை உலகத்தின் பல அருங்காட்சியகங்களுக்கு அனுப்பியவர். அமெரிக்காவில் சார்லஸ் பால் அலெக்ஸாண்டர் என்று ஒரு பேராசிரியர் இருந்தார். பெரிய கொசுவைப் போலத் தோன்றினாலும் யாரையும் கடிக்காத நெடுங்கால் பூச்சிகளில் மட்டும் 11,000-க்கு மேற்பட்ட இனங்களைத் தம் ஆயுட்காலத்தில் அவர் விவரித்துப் பெயரிட்டார். அவற்றுள் தென்னிந்திய இனங்கள் பல சூசைநாதன் பிடித்து அனுப்பியவை. அந்த நன்றியைப் பண்டிதர்கள் மறக்கவில்லை. ‘நாதனி’ என்று முடியும் பூச்சிப் பெயர்களைச் சாஸ்திர நூல்களில் இன்றும் காணலாம். நாதனுடையது என்பது அந்த லத்தீன் சொல்லின் பொருள்.

ஒரு பூச்சிக்குப் பெயர் வைப்பதென்பது, குழந்தையைத் தொட்டிலில் இட்டுக் காதில் மும்முறை ஓதுவது போல எளிதில் முடிகிற காரியமன்று. ஸ்வீடன் தேசத்து லின்னேயஸ் 1758-ல் வெளியிட்ட நூலின் பத்தாம் பதிப்பையே பிராணிகளின் பெயர்களுக்கெல்லாம் தொடக்கமாக உலகம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. அதற்குப்பின் யார், எந்த மொழியில், எந்தப் பத்திரிகையில், எந்தப் பூச்சியைப் பற்றி எழுதியிருந்தாலும் அதையெல்லாம் தேடிப் படித்து, தம் கையிலிருப்பது அவற்றுள் ஒன்றுமல்ல என்று நிச்சயித்துக்கொண்ட பிறகே, புதிய பெயரைச் சொல்லும் உரிமை ஒருவருக்கு வருகிறது. சிறகின் நரம்பும், உணர்கொம்பின் கணுவும், வயிற்றின் நுனியில் உள்ள இனப்பெருக்க உறுப்பின் வடிவமும் உருப்பெருக்கியின் கீழ் ஒப்பிடப்படும். பெயர் பெற்ற அந்த ஒரே பூச்சி மூலச் சான்றாகப் பொது நிலையமொன்றில் பாதுகாக்கப்படும். நூறு வருஷம் கழித்து ஐயம் தோன்றினாலும், அந்தப் பூச்சியிடமே திரும்பிச் சென்று கேட்கலாம் அல்லவா?

ஆனால் அந்தப் பூச்சி பதில் சொல்ல வேண்டுமானால், அதன் அடியிலுள்ள காகிதத் துண்டு இருந்தாக வேண்டும். இதற்கு நம் பாலக்காட்டுக் கணவாயையே உதாரணமாகச் சொல்லுவேன். மேற்குத்தொடர்ச்சி மலையின் நடுவே சுமார் 30 கிலோமீட்டர் அகலமாக விழுந்திருக்கும் இந்த இடைவெளி நமக்குச் சாலையும் ரயிலும் காற்றும் வந்துபோகும் வாசல்; மலையின் குளிர்ச்சியிலேயே பிறந்து வளரும் சிறு பிராணிக்கோ அது கடக்கவொண்ணாத சமுத்திரம். சிவந்த வட்டத்துக்குள் கண்போன்ற பொட்டுக்கள் பதிந்த சிறகுடைய ஒரு பழுப்பு வண்ணத்துப்பூச்சி, கணவாய்க்குத் தெற்கே ஆனைமலை, பழனிமலை முதலிய இடங்களுக்கே உரியது. அதைப் பிடித்தவர் ‘தென்னிந்தியா’ என்று மட்டும் எழுதி வைத்திருந்தால், பூச்சி இருக்கும், அதன் அழகும் இருக்கும். கணவாயைப் பற்றி அது சொல்லக்கூடிய செய்தி மட்டும் போயே போயிருக்கும்.

மனிதர் வகுத்த எல்லை மாறிக்கொண்டே இருக்கிறது. 1956 நவம்பர் முதல் தேதிக்கு முன்னே வாளையாறு சென்னை ராஜ்யத்து மலபார் ஜில்லாவில் இருந்தது. அதன் பின்னே கேரளத்தில் சேர்ந்தது. தேவிகுளத்திலும் பீர்மேட்டிலும் பிடித்த பழைய பூச்சிகளின் அடியில் திருவிதாங்கூர் என்றிருக்கும். ராஜ்யங்கள் போய்விட்டாலும், காட்டின் பெயரும் உயரமும் தேதியும் எழுதியிருப்பதால், அந்த இடத்துக்கு நாம் இன்றும் வழி தவறாமல் போய்ச் சேரலாம்.

இடுக்கிச் சீமையில் பெரியாற்றுக் காட்டில் அண்மையில் ஓர் எறும்பு கண்டறியப்பட்டது. உணர்கொம்பில் பத்துக் கணுக்கள் உடைய அந்த அபூர்வ எறும்புக்கு, பரிணாம உயிரியல் அறிஞர் அமிதாப் ஜோஷியைக் கௌரவிக்கும் பொருட்டு ‘ஊசேரியா ஜோஷியை’ என்று பெயரிட்டார்கள். அதே காட்டின் தொடர்ச்சியாய், எல்லைக்கு இப்பால் தேனிப் பக்கம் இருக்கும் மேகமலையில் கிடைத்த வெள்ளிக்கோட்டு வண்ணத்துப்பூச்சியோ, 2023-ல் ‘சிகாரிடிஸ் மேகமலையென்சிஸ்’ ஆயிற்று. ‘என்சிஸ்’ என்றால் அந்த ஊரைச் சேர்ந்தது என்று பொருள். எறும்புக்கு மனிதர் பெயர் கிடைத்தது. வண்ணத்துப்பூச்சிக்கோ மேல்விலாசமே பெயராகிவிட்டது.

பாலக்காட்டு ஜில்லாவில் மௌனப் பள்ளத்தாக்கு இருக்கிறது. சில்வண்டின் ரீங்காரம் அங்கே கேட்பதில்லை, அதனால்தான் அந்தப் பெயர் வந்தது என்று நெடுநாளாய் ஒரு செவிவழிச் செய்தி உண்டு. போய் வந்தவர்கள் பலர், சில்வண்டின் ஒலியைத் தம் காதாரக் கேட்டதாகவே சொல்லுகிறார்கள்! ஒரு பிராணி இருக்கிறது என்பதற்கு மட்டுமல்ல, இல்லை என்பதற்கும் நாளும் இடமும் குறித்த சாட்சி வேண்டும் போலும்.

அந்தச் சில்வண்டை மலையாளத்தில் சீவீடு என்பார்கள். தென்னாட்டில் ஒலிக்கும் ஒருவகைச் சீவீடு, மலேயாப் பகுதிக்குரிய வேறோர் இனம் என்றே நெடுங்காலம் தவறாகக் கருதப்பட்டு வந்தது. மேல்விலாசம் மாறிப்போன கடிதம் போலக் கிடந்த அதை, 2023-ல் ஆராய்ச்சியாளர்கள் தனி இனம் என்று நிறுவி, ‘புரானா சீவீடா’ என்று பெயரிட்டார்கள். பாட்டிமார் காலங்காலமாய் அழைத்துவந்த பெயர், லத்தீன் உடை தரித்து உலகச் சபையில் அமர்ந்துகொண்டது.

நேயர்களே, பெயர் வைப்பவர் அமெரிக்காவிலும் இருக்கலாம், ஐரோப்பாவிலும் இருக்கலாம். அவருக்கு லத்தீனும் உருப்பெருக்கியும் நூலகமும் வேண்டும். ஆனால் இந்த ஊர், இந்த மேடு, இந்த நாள் என்று எழுத, அந்த இடத்தில் அன்று நின்றவர் ஒருவரால்தான் முடியும். அதற்கு ஒரு பென்சிலும் துண்டுக் காகிதமும் சிறிது சிரத்தையும் இருந்தால் போதும். குரும்பகரத்துக்காரர் ஒருவர் வாளையாற்றுக் காட்டில் நின்று எழுதிய அந்த நாலு வரிகளில், லத்தீன் ஒரு சொல்லும் இல்லை.