பரிசோதனையும் முடிவெடுக்கும் உரிமையும்



இங்கிலாந்தில் 50 வயது முதல் 71 வயதை எட்டும்வரை பெண்கள் மூன்று ஆண்டுகளுக்கொருமுறை மார்பகப் புற்றுநோய்ப் பரிசோதனைக்கு அழைக்கப்படுகின்றனர். அதன் நன்மை தீமைகளைப் பேராசிரியர் மைக்கேல் மார்மட் தலைமையிலான குழு 2012-இல் எடைபோட்டது. 50 வயதுப் பெண்கள் 10,000 பேரை இருபதாண்டுகள் அழைத்தால், அந்நோயால் நேரும் 43 மரணங்கள் தடுக்கப்படும். 129 பேருக்கோ, வாழ்நாளில் தொல்லையே தந்திராத புற்றுநோய் கண்டறியப்படும் என்பது அதன் மதிப்பீடு.

இவ்விரு எண்களையும் ஒருசேரக் காட்டுவதே, முடிவெடுக்க உதவும் கைப்பேசிச் செயலியின் கடமையாகும். சதவீதக் கணக்கு பலருக்கு விளங்காது. பத்தாயிரம் பேரில் எத்தனை பேர் என்றால் விளங்கும். நிறத்தால் மட்டுமே வேறுபடுத்திய படம் நிறக்குருடு உள்ளோருக்குப் பயன்படாது. எழுத்தைப் பெரிதாக்கவும், தாய்மொழியில் காதால் கேட்கவும் வழி வேண்டும். பார்வை மங்கிய தாய், தம் அந்தரங்கத்தைப் பிறரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லும் நிலை வரலாகாது.

ஒன்றை மறவாதீர்கள்: இக்கணக்கு அறிகுறி இல்லாதவர்களுக்கே உரியது. மார்பில் கட்டி தென்பட்டவர் தாமதியாது மருத்துவரைக் காண வேண்டும். மற்றவர்களுக்கு உண்மையை முழுமையாக எடுத்துரைத்து, முடிவை அவர்களிடமே விடுவோம்.