பறவைக்கும் ஒரு பங்கு

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)

நான் பத்தாம் வகுப்பு வரைதான் படிச்சவ. பறவைக்கென்று முற்றத்தில் பழச்செடி வளர்ப்பதைப் பற்றி எனக்குத் தெரிஞ்சதைச் சொல்கிறேன்.

நம்ம சின்ன வயசில் விளையைச் சுற்றி வேலிதான். களா, சூரை, தெச்சி, கோவைக்கொடி எல்லாம் தானே முளைச்சு நிற்கும். நாமும் பறிச்சுத் தின்போம், கொண்டைக்குருவியும் தின்னும். இப்போ வேலி இருந்த இடத்தில் மதில். விளையில் ரப்பர். ரப்பர் காசு தரும். குருவி தின்ன அதில் ஒரு பழம் கிடையாது. சுசீந்திரம் தேரூர் குளத்தையும் வேம்பனூர் குளத்தையும் 2022-இல் ராம்சார் ஈரநிலமாக அறிவிச்சாங்க. நீர்ப்பறவைக்கு நல்லது. பழம் தின்னும் பறவை நம்ம வீட்டைத்தான் நம்பணும்.

"இதில் நமக்கு என்ன வருமானம்?" என்று கேட்பீங்க. கொண்டைக்குருவியும் மைனாவும் பழம் தின்றாலும், குஞ்சுக்குப் புழு பூச்சியைப் பிடிச்சுக் கொடுக்கும். நம்ம கத்தரி, வெண்டையில் புழு குறையும். மணத்தக்காளி வச்சா கீரை நமக்கு, பழம் பிள்ளைகளுக்கும் குருவிக்கும். களாக்காய் ஊறுகாய்க்கு ஆகும், முள் வேலியாகவும் நிற்கும்.

செலவு ஒண்ணும் இல்லை. கறிவேப்பிலைப் பழத்தைக் குயில் விரும்பித் தின்னும். அதைத் தோல் நீக்கி, விதை காயும் முன்னே ஊணணும். காய்ஞ்சால் முளைக்காது. தெச்சிக்கும் கோவைக்கும் கம்பு நட்டால் போதும். நம்ம மாவட்டத்துக்கு இடவப்பாதி, ஐப்பசி என்று ரெண்டு மழை. அப்போ நட்டால் தண்ணி சுமக்க வேண்டாம்.

மூணு கவனம் வேணும். உண்ணிச்செடி வைக்காதீங்க. அது வெளிநாட்டுச் செடி. அதன் இலை ஆடு மாட்டுக்கு விஷம். மாமரத்தில் புல்லுருவி வந்தால் பழுக்கும் முன்னே வெட்டிடணும், இல்லையென்றால் குருவியே அதைப் பரப்பும். வவ்வாலோ பறவையோ கடிச்சுப் போட்ட பழத்தைப் பிள்ளைகள் தின்ன விடாதீங்க. 2018-இல் கோழிக்கோட்டில் நிபா வந்தது நமக்கு ஞாபகம் இருக்கு.

கடைசியா ஒண்ணு. விளை அநேகமா ஆம்பிளை பேரில்தான் இருக்கு. ரப்பர் நடணுமா, மதில் கட்டணுமா என்று நம்மிடம் கேட்கிறவங்க குறைவு. ஆனால் கிணத்தடியும் முற்றமும் நம்ம கையில்தான். நம்ம குழுவில் மாசாமாசம் சிறுகச் சிறுகச் சேர்த்தோமே, அதே மாதிரி வீட்டுக்கு ரெண்டு செடி வைப்போம். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஆளுக்கு ஒரு பிடி விதையோ கம்போ கொண்டு வாங்க, மாற்றிக்கொள்வோம்.