விதை போட்டவர் ஒருவர், பெயர் பெற்றவர் வேறொருவர்

நம் பேரங்காடிகளில் வாங்கும் ஆப்பிளை யாரும் அடுப்பில் ஏற்றுவதில்லை. கழுவி நறுக்கித் தின்போம், அவ்வளவுதான். இங்கிலாந்திலோ சமையலுக்கென்றே ஓர் ஆப்பிள் இருக்கிறது. பெயர் பிராம்லி. பச்சையாகக் கடித்தால் மாங்காயைக் கடித்தது போல் பல் கூசும்.

1809-ஆம் ஆண்டு. நாட்டிங்ஹாம்ஷியரில் சவுத்வெல் என்ற சிற்றூர். மேரி ஆன் பிரெய்ல்ஸ்ஃபர்ட் என்ற இளம்பெண் சில ஆப்பிள் விதைகளை ஊன்றினார். அவற்றில் ஒன்று மரமானது. அவரோ திருமணமாகி அந்த வீட்டை விட்டுப் போய்விட்டார். 1846-இல் மேத்யூ பிராம்லி என்ற இறைச்சி வியாபாரி அந்த வீட்டை வாங்கினார். பத்தாண்டு கழித்து, மரக்கன்று விற்கும் குடும்பத்தைச் சேர்ந்த 17 வயது ஹென்றி மெரிவெதர், ஒட்டுக்கட்டக் கிளை கேட்டு வந்தார். தரலாம், ஆனால் பழத்துக்குத் தம் பெயரையே வைக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டார் பிராம்லி. மேரி ஆன் 1852-லேயே காலமாகிவிட்டார். இது நியாயமா என்றால், இல்லைதான்.

எதற்கு ஒட்டு? ஆப்பிள் விதையை நட்டால் தாய்மரத்தின் பழம் அப்படியே வராது. நம் டுரியானும் அப்படித்தானே! முசாங் கிங் கொட்டையை நட்டவருக்கு முசாங் கிங் கிடைப்பதில்லை. ஆக, உலகில் உள்ள ஒவ்வொரு பிராம்லி மரமும் அந்த ஒரே மரத்தின் துண்டுதான்.

வளர்ப்பதிலும் ஒரு சிக்கல். இதன் மகரந்தம் பெரும்பாலும் மலட்டுத்தன்மை கொண்டது. அது பக்கத்து மரத்துக்கும் உதவாது. அதனால் எல்லா மரமும் காய்க்க வேண்டுமானால், அதே பருவத்தில் பூக்கும் வேறு இரண்டு ரகங்களையும் அருகில் வைப்பார்கள்.

சமையலில்தான் இதன் அருமை. புளிப்பு அதிகம், இனிப்பு குறைவு. அதனால் சர்க்கரை சேர்த்தாலும் ஆப்பிளின் சுவை அமுங்கிப்போவதில்லை. சூடு பட்டதும் துண்டுகள் கரைந்து பஞ்சு போலாகிவிடும். ‘பை’ பலகாரத்துக்கும், பன்றி இறைச்சியோடு பரிமாறும் சாஸுக்கும் ஆங்கிலேயர் இதைத்தான் தேடுவார்கள். இனிப்பு ஆப்பிளைப் போட்டால் துண்டு துண்டாகவே நிற்கும்.

தாய்மரம் 1900-இல் புயலில் சாய்ந்தது. சாய்ந்த மரமே மீண்டும் துளிர்த்து, நூறாண்டுக்கு மேலும் காய்த்தது. பிறகு தேன் காளான் என்னும் பூஞ்சை நோய் வேரைப் பற்றியது. அதைத் தீர்க்க மருந்து கிடையாது. நல்லவேளையாக, 1990-களிலேயே நாட்டிங்ஹாம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தாய்மரத்தின் திசுவிலிருந்து கன்றுகளை உருவாக்கிவிட்டார்கள். அவற்றில் சில அந்தப் பல்கலைக்கழக வளாகத்திலேயே நடப்பட்டன.